மிதித்தால் திறக்கும் உலகம்: முப்பரிமாண விளையாட்டுகளின் ஆளிகளும் போடி மலைச்சரிவும்

இலங்கைத் தமிழர்களின் பள்ளிக்கூட விஞ்ஞானப் பாடநூலில் மின் சுவிட்சுக்கு 'ஆளி' என்று பெயர். நம் பக்கம் அந்தச் சொல் புழங்கவில்லை. பொத்தான், விசை, சொடுக்கி என்று நமக்கு என்னென்னவோ செய்து கொடுத்தார்கள். கடைசியில் வாய் 'சுச்சு' என்றுதான் சொல்கிறது. ஆனாலும் ஆளி என்ற சொல்லைக் கொஞ்சம் திருப்பிப் பார்க்க வேண்டும். ஒரு விரலசைவில் ஆள்கிற பொருள் என்று அதைப் படிக்க முடியும். அதே ஆளி முதலாளியின் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, தொழிலாளியின் வாலிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. முதலை ஆள்கிறவன் முதலாளி, சரி. தொழிலை ஆள்கிறவன் தொழிலாளி என்றால் அந்த ஆளுகை எங்கே போயிற்று? இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு முப்பரிமாண வீடியோ விளையாட்டுகளில் வரும் ஆளிகளின் வரலாற்றை வாசிக்க முடியும் என்று நினைக்கிறேன்.

வீடியோ விளையாட்டுக்கெல்லாம் கோட்பாட்டுக் கட்டுரையா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். சினிமாவைப் பற்றி எழுதியபோதும் இதே கேள்விதான் வந்தது. போடிநாயக்கனூரிலிருந்து விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு ஏலத் தோட்டத்துக்குப் போகிற பெண்ணின் வீட்டில், அவள் பிள்ளை ஒரு செல்போனை வைத்து எதையோ அழுத்திக்கொண்டிருக்கிறான். அவன் எதை அழுத்துகிறான், அழுத்தினால் என்ன நடக்கிறது என்பது, அவள் எதைப் பறிக்கிறாள், பறித்தது எங்கே போகிறது என்பதைப் போலவே ஒரு சமூகக் கேள்வி. பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்ற வாத்தியார் புலம்பலை விட்டுவிடுவோம். நம் கோட்பாட்டு நண்பர்களிடம் வேறொரு தயார் பதில் இருக்கிறது. அல்தூஸர் 1970இல் எழுதிய கட்டுரையில் ஒரு போலீஸ்காரர் தெருவில் 'ஏய்' என்று கூப்பிடுகிறார். திரும்பிப் பார்ப்பவன் அந்தத் திரும்புதலிலேயே தன்னிலையாகிவிடுகிறான். மரியோ விளையாட்டுகளின் ஆளிகள் பலவற்றின் மேல் ஓர் ஆச்சரியக்குறி போட்டிருக்கும். அதுவும் ஒரு 'ஏய்'தான். ஓடிப்போய் மிதிக்கிறோம். கீழ்ப்படிதலுக்கான பயிற்சி. முடிந்தது வாசிப்பு.

இது தப்பான வாசிப்பு இல்லை. ஆனால் இதோடு நின்றால் எல்லா விளையாட்டும் ஒரே விளையாட்டாகிவிடும், எல்லாப் பிரதியும் ஒரே பிரதியாகிவிடும், வரலாறு என்பதே காணாமல் போய்விடும். (நம்மூர் அமைப்பியல்வாசிப்புகளுக்கு நேர்ந்த கதி அதுதான்.) இன்னும் கொஞ்சம் உதவுகிறவர் வால்டர் பெஞ்சமின். 1939இல் போதலேர் பற்றி எழுதிய கட்டுரையில் அவர் தீக்குச்சியிலிருந்து ஆரம்பிக்கிறார். கையின் ஒரே ஒரு சடக்கென்ற அசைவு. அதற்குப் பின்னால் பல படிகள் கொண்ட ஒரு காரியம் தானாக நடந்தேறுகிறது. டெலிபோனை எடுப்பதும் காமிராவின் பொத்தானை அழுத்துவதும் அந்த வரிசையில் வருகின்றன. அதே கட்டுரையில் சூதாடியின் கையையும் ஆலைத் தொழிலாளியின் கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறார். நான் அதிலிருந்து எடுத்துக்கொள்வது ஒரு கேள்வியை மட்டும்தான்: விரலுக்கும் விளைவுக்கும் நடுவில் இருக்கிற அந்தப் பல படிகளை யார் ஏறுகிறார்கள்? அழுத்தியவன் கண்ணுக்கு அவை தெரிகின்றனவா?

பிளாட்ஃபார்ம் விளையாட்டு என்றால் மேடைக்கு மேடை தாவிப் போகிற விளையாட்டு. எங்கள் ஊர்ப் பக்கம் இவை முறையான வழியில் வந்து சேரவில்லை. ஜப்பானியக் கருவியின் மலிவு நகல், அதற்கு மஞ்சள் நிறக் கேட்ரிட்ஜ், பிறகு திருட்டுச் சிடி, அதற்கும் பிறகு பிரவுசிங் சென்டர் கணினியில் எமுலேட்டர் என்று கொல்லைப்புற வழியாகத்தான் வந்தன. வரிசை மாறித்தான் ஆடினோம். முதலில் வந்ததைக் கடைசியில் பார்த்தோம். அதனால் கால வரிசையை ஒருதடவை நேராக்கிச் சொல்லிவிட வேண்டியிருக்கிறது.

1988 அக்டோபரில் ஜப்பானில் வெளியான சூப்பர் மரியோ பிரதர்ஸ் 3இல் 'பி' என்று எழுதிய ஓர் ஆளி வருகிறது. மிதிச்சா, கொஞ்ச நேரத்துக்குச் செங்கல் எல்லாம் நாணயமாகும், நாணயமெல்லாம் செங்கல்லாகும். தங்கம் சுவராகி வழி மறிக்கும். சுவர் தங்கமாகிக் காலடியிலிருந்து நழுவும். மார்க்ஸ் பார்த்திருந்தால் சிரித்திருப்பார். 1990இல் வந்த சூப்பர் மரியோ வேர்ல்டில் ஆளிக்கு அரண்மனையே கட்டிவிட்டார்கள். மஞ்சள், பச்சை, சிவப்பு, நீலம் என்று நான்கு அரண்மனைகள். ஒவ்வொன்றின் உள்ளேயும் ஒரு பெரிய ஆளி. அதை ஒருமுறை மிதித்தால், அந்த விளையாட்டின் உலகம் முழுக்க வெறும் புள்ளிக்கோடாகக் கிடந்த அந்த நிறக் கட்டிகள் கெட்டியாகிவிடும். திருப்பி மாற்ற முடியாது. அரசாணை மாதிரி. ஏற்கனவே தாண்டி வந்த லெவலுக்குத் திரும்பிப் போனாலும் அங்கேயும் ஆணை அமலில் இருக்கும். இந்த இரண்டு விளையாட்டும் தட்டையானவை, தாளில் வரைந்த படம் போல. 'பி' ஆளியை மிதிப்பதும் செங்கல் மாறுவதும் ஒரே தளத்தில், கண் முன்னால்.

1996இல் எல்லாம் மாறுகிறது. சூப்பர் மரியோ 64, கிராஷ் பாண்டிகூட், டூம் ரெய்டர் மூன்றும் ஒரே வருஷத்தில் வந்தவை. இவற்றால் உலகத்துக்கு ஆழம் வந்தது என்று எல்லோரும் எழுதினார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது, உலகத்துக்கு முதுகு வந்தது என்பது. இங்கே ஆளியை மிதித்தால் உன் முதுகுக்குப் பின்னால் ஒரு கதவு திறக்கும். மேல் மாடியில் ஒரு பாலம் இறங்கும். நீ பார்க்க மாட்டாய். ஆளிக்கும் விளைவுக்கும் நடுவில் முதல்முறையாக ஒரு வெளி, கண்ணுக்குத் தப்புகிற ஒரு வெளி வந்து உட்கார்ந்துகொண்டது. இதை ஒரு தொழில்நுட்பச் சிக்கல் என்று தள்ளிவிட முடியாது. அழுத்தியவனுக்கும் நடந்ததற்கும் என்ன உறவு என்ற அரசியல் கேள்வி, ஒரு குழந்தை விளையாட்டில் முளைக்கிறது.

டூம் ரெய்டர் இதற்கு ஒரு விடை வைத்தது. லாரா ஒரு நெம்புகோலை இழுப்பாள். உடனே காமிரா அவளை விட்டுவிட்டு எங்கோ போய், திறந்துகொண்டிருக்கும் ஒரு கதவைக் காட்டிவிட்டுத் திரும்பி வரும். சில நொடிகள்தான். இந்தச் சிறு துண்டுக்கு நான் 'சான்றுக்காட்சி' என்று பெயர் வைக்கிறேன். நீ இழுத்தாய், இது நடந்தது, இதோ பார் என்ற சான்று. 1998இல் வந்த பாஞ்சோ-கசூயியில் இது இன்னும் விசித்திரமாகிறது. ஒவ்வோர் உலகத்திலும் சூனியக்காரியின் முகம் பொறித்த ஓர் ஆளி இருக்கும். அதை மிதித்தால் விளைவு அந்த உலகத்துக்குள் நடக்காது. வெளியே, சூனியக்காரியின் குகையில் எங்கோ நடக்கும். சான்றுக்காட்சி ஓர் இடத்தைக் காட்டும், அது எந்த இடம் என்று சொல்லாது. பார்த்ததை ஞாபகத்தில் வைத்துக்கொண்டு தேடிப் போய்ச் சேருவது உன் பொறுப்பு. அழுத்தியதோடு கடமை முடிந்துவிடவில்லை.

மரியோ 64 வேறு மாதிரி நேர்மையானது. அதில் காமிராவே ஒரு பாத்திரம். லகிட்டு என்று மேகத்தில் மிதந்து திரிகிற ஒருவன், தூண்டில் மாதிரி ஒரு கம்பின் நுனியில் காமிராவைக் கட்டித் தொங்கவிட்டுப் படம் பிடிக்கிறான். கோட்டைக்குள் ஒரு கண்ணாடி அறை இருக்கிறது. அங்கே போய் நின்றால் கண்ணாடியில் மரியோவும் தெரிவான், அவனுக்குப் பின்னால் லகிட்டுவும் தெரிவான். பார்வையை உண்டாக்குகிற உழைப்பாளியைப் பார்வைக்குள் கொண்டுவந்து நிறுத்துகிற இடம் அது. எத்தனை யதார்த்த நாவல்களில் இப்படி ஒரு கண்ணாடி இருக்கிறது?

கிராஷ் பாண்டிகூட் எதிர்த் திசையில் போனது. அதிலும் ஆச்சரியக்குறிப் பெட்டி உண்டு. தட்டினால் கோடாகத் தெரிந்த பெட்டிகள் நிஜப் பெட்டிகளாகும். ஆனால் அந்த விளையாட்டின் உயிர் கணக்கில் இருக்கிறது. லெவல் முடிந்ததும், நீ உடைக்காமல் விட்டுவந்த பெட்டிகள் ஒவ்வொன்றாக கிராஷின் தலையில் விழும். மேஸ்திரி கணக்குப் பார்ப்பது போல. 1997இல் வந்த இரண்டாம் பாகத்தில் ஒரு பச்சை ஆளிப்பெட்டி வந்தது. அதைத் தட்டினால் அந்த லெவலில் எங்கெங்கோ கிடக்கும் வெடிப்பெட்டிகள் எல்லாம் ஒரே சமயத்தில் வெடிக்கும். எதுவும் காட்டப்படுவதில்லை. திரை ஓரத்தில் எண் மட்டும் கடகடவென்று ஏறும். விளைவுக்குப் பதில் எண். இந்தப் பச்சைப் பெட்டியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் வேண்டியிருக்கும்.

லெவல், மேடை என்று சொல்லிக்கொண்டே போகும்போது போடிக்காரனுக்கு ஒன்று தோன்றாமல் இருக்காது. போடிக்கு மேற்கே கொட்டகுடிப் பக்கம் ஏறினால் ஊர்ப்பெயர்களே லெவல்களாகத்தான் இருக்கின்றன. கீழே கொட்டகுடி, அதற்கு 'பாட்டம் ஸ்டேஷன்' என்று ஒரு பெயர். நடுவில் சென்ட்ரல் ஸ்டேஷன். உச்சியில் டாப் ஸ்டேஷன். ரயில் வராத மலைச்சரிவில் ஏன் இத்தனை ஸ்டேஷன்? மூணாறின் தேயிலையைக் கீழே இறக்க 1902இல் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாளம் போட்டார்கள். ஒரு சக்கரம் தண்டவாளத்தில், இன்னொன்று தரையில் ஓட, மாடு இழுக்கும். 1908இல் அதை எடுத்துவிட்டு இரண்டடி அகலச் சிறு ரயில் விட்டார்கள். அது டாப் ஸ்டேஷனில் நின்றுவிடும். அதற்கு மேல் போக வழியில்லை, பள்ளம். அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் கயிற்றுப் பாதையில் தொங்கிக்கொண்டு சுமார் 5 கிலோமீட்டர் இறங்கிக் கொட்டகுடிக்கு வந்தன. பிறகு வண்டியில் போடி, அதற்கப்புறம் ரயில், கப்பல், இங்கிலாந்து. 1924 வெள்ளம் (மலையாளிகள் தங்கள் ஆண்டுக் கணக்கில் 'தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்' என்பது) அந்தச் சிறு ரயிலை அடித்துக்கொண்டு போனது. திரும்பப் போடவில்லை. இன்று கயிறும் இல்லை. பெயர்கள் மட்டும் நிற்கின்றன. பக்கத்திலேயே முதுவாக்குடி என்று, அங்கே வாழ்கிற முதுவர்களின் பெயரில் ஓர் ஊர் இருக்கிறது. ஒரே சரிவில் இரண்டு விதமான பெயரிடல்: ஒன்று குடியின் பெயர், இன்னொன்று எந்திரத்தின் பெயர். எந்திரத்தின் பெயர், மனிதர்களை உயரத்தால் மட்டும் அடையாளப்படுத்துகிறது. நீ மேல்மேடை, நீ நடுமேடை, நீ கீழ்மேடை.

ஒரு கயிற்றுப் பாதையை ஒரு கை ஓட்ட முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். மேலே ஏற்றுகிறவன், கீழே இறக்குகிறவன், நடுவில் கயிற்றைக் கவனிக்கிறவன் எல்லோரும் வேண்டும். மேலே இருப்பவனுக்குக் கீழே நடப்பது தெரியாது, கீழே இருப்பவனுக்கு மேலே நடப்பது தெரியாது. விளையாட்டு 1996இல் சந்தித்த அதே சிக்கல்தான். மலை அதை மனிதர்களை வைத்துத் தீர்த்தது. விளையாட்டு காமிராவை வைத்துத் தீர்த்தது.

தண்ணீருக்கு வருவோம். மரியோ 64இல் 'வெட்-டிரை வேர்ல்ட்' என்று ஒரு லெவல். வெவ்வேறு உயரங்களில் வைரம் போன்ற ஆளிகள் நிற்கும். எந்த உயரத்து ஆளியைத் தொடுகிறாயோ அந்த உயரத்துக்கு ஊர்த் தண்ணீர் முழுக்க ஏறும், அல்லது இறங்கும். இன்னொரு நுட்பமும் உண்டு. அந்த லெவலுக்குள் போவது ஒரு சித்திரத்தின் வழியாக. சித்திரத்தின் எந்த உயரத்தில் குதித்தாயோ, அதைப் பொறுத்து உள்ளே ஆரம்ப நீர்மட்டம் அமையும். நுழைவதே ஓர் ஆளி. நீ எந்த உயரத்திலிருந்து உலகத்துக்குள் வருகிறாயோ, அந்த உயரத்துக்கு ஏற்ற உலகம் உனக்குக் கிடைக்கும். பிறப்பு என்று ஒன்று நம்மிடம் இருப்பதை நினைத்துப் பார்க்காமல் இதை ஆட முடியவில்லை எனக்கு.

போடிக்குத் தெற்கே கம்பம் பள்ளத்தாக்கில் நீர்மட்டம் என்பது தினசரிப் பேச்சு, தினசரிப் பத்திரிகைச் செய்தி. மேற்கே ஓடவேண்டிய பெரியாற்றை, 1895இல் பென்னிகுவிக்கின் அணையும் தேக்கடிச் சுரங்கமும் கிழக்கே திருப்பின. 152 அடிக்குத் தேக்கக் கட்டிய அணை. அதன் பலம் பற்றிய அச்சத்தில் 1979இல் நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டது. 2006 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் 142 வரை தேக்கலாம் என்றது. அடுத்த மாதமே கேரள சட்டமன்றம் சட்டத்தைத் திருத்தி 136 என்றது. 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு அந்தத் திருத்தம் செல்லாது என்றது. அந்த ஆண்டு நவம்பரில் தண்ணீர் 142ஐத் தொட்டது. 136க்கும் 142க்கும் இடையில் இருந்த ஆறடியை ஏற 35 வருஷம். கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நெல்லைப் பார்ப்பவனுக்கு அந்த வைரம் கைக்கெட்டாமல் மேலே நிற்கிறது. அணைக்குக் கீழே வண்டிப்பெரியாறில் வசிப்பவனுக்கு அதே வைரம் தலைக்கு மேல் தொங்குகிறது. இரண்டு பயமும் நிஜம். விளையாட்டில் ஒரே ஓர் ஆள்தான் ஆடுகிறான். அதனால்தான் அங்கே ஆளி அவ்வளவு சுலபமாக இருக்கிறது.

ஆனால் நம்மிடமும் சான்றுக்காட்சி உண்டு. தண்ணீர் இருக்கிற வருஷங்களில் முதல் போகத்துக்கு ஜூன் 1 அன்று தேக்கடியில் மதகு திறப்பது வழக்கம். அமைச்சரோ ஆட்சியரோ பொத்தானை அழுத்துவார், பொங்கி வருகிற தண்ணீரில் மலர் தூவுவார், மறுநாள் பத்திரிகையில் படம் வரும். அழுத்தியவர் முகம், பாய்கிற தண்ணீர், இரண்டும் ஒரே படத்தில். டூம் ரெய்டரின் வெட்டுக்காட்சியேதான். படத்தில் இல்லாதவர் அந்த மதகை வருஷம் முழுக்க ஏற்றி இறக்குகிற லஸ்கர். அவர் நேற்று வந்தவர் இல்லை. பாண்டி நாட்டுக் கண்மாய்களில் குமிழித் தூம்பைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கரையிலிருந்து உள்ளே தள்ளி, தண்ணீருக்குள் இரண்டு கல்தூண்கள் நிற்கும். அடியில் துளைபோட்ட கல்தொட்டி, துளையை அடைக்க ஒரு கல். திறக்க வேண்டுமென்றால் ஓர் ஆள் நீந்திப் போய், முங்கி, அந்தக் கல்லைத் தூக்க வேண்டும். தூம்பு செய்து கொடுத்தவன் பெயர் தூணில் கல்வெட்டாக இருக்கும். முங்கியவன் பெயர் இருக்காது. மடைக் குடும்பன், நீர்க்கட்டி என்று வேலையின் பெயர்தான் அவனுக்கு மிஞ்சியது. அவன் ஆளியை அழுத்தியவன் இல்லை. அவன் உடம்பே ஆளி.

யார் அழுத்தலாம் என்பது அடுத்த கேள்வி. 1999இல் வந்த டாங்கி காங் 64 என்ற விளையாட்டை விமர்சகர்கள் பொதுவாகக் கிண்டல் செய்வார்கள், பொறுக்கிச் சேர்க்கிற சாமான் அதிகம் என்று. அதில் ஐந்து குரங்குகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். தரையில் கிடக்கும் வாழைப்பழத்துக்கும் நிறம் உண்டு. மஞ்சள் குரங்கு சிவப்புப் பழத்தின் மேல் நடந்து போனால் பழம் ஆவி மாதிரி வெளிறித் தெரியும், கைக்கு வராது. ஆளிகளும் அப்படியே. தேங்காய்ப் படம் போட்ட ஆளிக்குத் தேங்காய் சுடுகிற குரங்கு வேண்டும், வேர்க்கடலை போட்டதற்கு வேர்க்கடலை சுடுகிற குரங்கு வேண்டும். இன்னொன்று எத்தனை தடவை மோதினாலும் கதவு திறக்காது. வெளிநாட்டு விமர்சகனுக்கு இது சலிப்பு. நமக்கு இது தெரு. பழம் தெரிகிறது, ஆனால் உனக்கில்லை. கதவு இருக்கிறது, ஆனால் உன் கைக்கு அது கதவில்லை.

இதில் நுட்பமான ஓர் இடத்தை நம் பக்தி இலக்கியமே வைத்திருக்கிறது. பெரியபுராணத்தில் திருமறைக்காட்டுக் கோயில் கதவு வேதங்களால் பூட்டப்பட்டுக் கிடக்கிறது. சனங்கள் பக்க வாசலால் போய் வருகிறார்கள். அப்பர் பாடுகிறார். ஒரு பாட்டுக்குத் திறக்கவில்லை. பதிகம் முழுக்கப் பாடி முடிக்கிற கட்டத்தில்தான் திறக்கிறது. மூடுவதற்குச் சம்பந்தர் பாடுகிறார். முதல் பாட்டிலேயே மூடிக்கொள்கிறது. அப்பர் மனம் வருந்தியதாகவும் சேக்கிழார் சொல்கிறார். ஒரே கதவு, ஒரே ஆளி. வேளாளர் கைக்குப் பத்துப் பாட்டு எதிர்ப்பு, பிராமணப் பிள்ளை கைக்கு ஒரே பாட்டு. இறைவன் திருவுளம் என்று உரை சொல்லும். சொல்லட்டும். கதவு யாருக்கும் அடியோடு மறுக்கவில்லை என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. அது ஒவ்வொரு கைக்கும் ஒவ்வொரு விலை கேட்டது. சாதியின் தொழில்நுட்பத்தைத் தடை என்று மட்டும் பேசிப் பேசி, இந்த விலை வித்தியாசத்தைக் கவனிக்காமலே விட்டுவிட்டோம்.

ஆக, மூன்று கேள்விகள் நம் கையில் இருக்கின்றன. யார் அழுத்துகிறார், நடுவில் யார் படி ஏறுகிறார், அழுத்தியவருக்கு விளைவு காட்டப்படுகிறதா. இந்த மூன்றையும் எடுத்துக்கொண்டு போடியின் ஏலக்காய் ஏலக்கூடத்துக்குள் போகலாம்.

பழைய ஏலத்தில் வியாபாரிகள் வாய்விட்டு விலை கேட்பார்கள். 2007இல் நறுமணப் பொருள் வாரியம் மின்னணு ஏலத்தைக் கொண்டுவந்தது, இங்கே போடியிலும் மலைக்கு மேலே வண்டன்மேட்டிலும். மேலே உள்ள மையம் பிறகு புற்றடிக்குப் போனது. கூடத்தில் வரிசையாக வியாபாரிகள் உட்கார்ந்திருப்பார்கள், ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு திரை. ஒரு லாட்டின் மாதிரி சிறு பொட்டலத்தில் வரும். பிரித்து, உள்ளங்கையில் கொட்டி, பச்சையும் பருமனும் பார்த்துவிட்டுக் கீழே போட்டுவிடுவார்கள். கூடத்தின் தரை முழுக்க ஏலக்காய் சிதறிக் கிடக்கும். பிறகு பொத்தான். அழுத்த அழுத்த எண் ஏறும். சத்தமில்லை. கிராஷின் பச்சைப் பெட்டிதான் இது. எங்கோ வெடிக்கிறது, இங்கே எண் ஏறுகிறது.

எங்கே வெடிக்கிறது என்று காமிராவைத் திருப்பினால் ஒரு நிழலடர்ந்த சரிவு தெரியும். ஏலச்செடியின் காய் கண் உயரத்தில் காய்க்காது. செடியின் அடியில், தரையோடு படர்கிற சரத்தில் காய்க்கும். எடுப்பவள் குந்தியோ குனிந்தோதான் எடுக்க வேண்டும். எல்லாக் காயையும் உருவிவிட முடியாது. முற்றியதை மட்டும் விரல் தேர்ந்தெடுக்க வேண்டும், மற்றதை அடுத்த காயெடுப்புக்கு விட வேண்டும். பிறகு ஸ்டோரில் உலர்த்தணும், சலிக்கணும், தரம் பிரிக்கணும். ஏறக்குறைய ஐந்து கிலோ பச்சைக் காய் ஒரு கிலோ உலர்ந்த காயாகும். இதில் எந்தக் கட்டத்தையும் ஒரு சடக்கென்ற அசைவில் செய்ய முடியாது. பெஞ்சமின் சொன்ன அந்தப் 'பல படிகள்' இங்கே நிஜமாகவே படிகள். ஜீப் ஏறுகிற போடிமெட்டுச் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள்.

1956 நவம்பர் 1 அன்று மொழிவாரி மாநிலங்கள் வந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்துக்குப் போயின. காயெடுக்கிறவள் வீடு ஒரு மாநிலத்திலும் செடி இன்னொரு மாநிலத்திலுமாக நின்றுபோனது. 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்தது, எல்லை மூடியது. ஜீப் நின்றது. ஏலமும் நின்றது, மே மாதக் கடைசியில்தான் திரும்ப ஆரம்பித்தது. அதன்பிறகு 2021 ஜனவரியில் ஒரு புது ஏற்பாடு வந்தது. போடிக் கூடத்தில் உட்கார்ந்திருப்பவரும் புற்றடிக் கூடத்தில் உட்கார்ந்திருப்பவரும் ஒரே நேரத்தில் ஒரே ஏலத்தில் அழுத்தலாம். எல்லையைத் தாண்டி வியாபாரி மலையேற வேண்டிய அவசியம் குறைந்தது. பொத்தான் எல்லையைத் தாண்டக் கற்றுக்கொண்டது. காயெடுக்கிறவள் மட்டும் உடம்போடுதான் தாண்ட வேண்டும், முந்தல் சோதனைச் சாவடியில் வண்டி நின்று, பதினேழு வளைவும் ஏறி.

என் கோட்பாட்டு நண்பர்களோடு எனக்குள்ள பிணக்கு இந்த இடத்தில்தான். ஆளி நம்மைக் கீழ்ப்படிய வைக்கிறது என்கிறார்கள். இருக்கலாம். ஆனால் முப்பரிமாண விளையாட்டு, அதன் நல்ல உதாரணங்களில், அழுத்தியவனுக்கு ஒரு கடன் வைத்திருக்கிறது: நீ செய்ததை உனக்குக் காட்டுவேன். லாராவுக்குக் காட்டியது. பாஞ்சோவுக்குக் காட்டியது. காட்டுகிறவனைக்கூட மரியோ 64 கண்ணாடியில் காட்டியது. அந்தக் கடனை ஏலக்கூடத்துத் திரை ஏற்பதில்லை. அதிகாரம் ஆளியில் இருக்கிறது என்று நாம் தேடிக்கொண்டிருக்கிறோம். எனக்கென்னவோ அது சான்றுக்காட்சியை வெட்டி எறிகிற இடத்தில் இருப்பதாகப் படுகிறது. மறுமுனையிலும் இதே வெட்டுதான். தோட்டத்தில் குனிந்திருப்பவளுக்கு விளைவு மட்டும் வந்து சேர்கிறது: இந்த வாரம் வேலை இருக்கு, அடுத்த வாரம் பார்க்கலாம். எந்த விரல், எந்தப் பொத்தான் என்று அவளுக்கு எந்தக் காமிராவும் திரும்பிக் காட்டாது.

2019 ஆகஸ்ட் தொடக்கத்தில் புற்றடி ஏலத்தில் ஒரு கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. அதற்கு முந்தைய ஆகஸ்டின் பெருவெள்ளத்தில் செடிகள் அழுகியிருந்தன, பிறகு மழை தள்ளிப்போனது, காய் இல்லை, விலை ஏறியது. போடியில் கடைகளில் அதையே பேசினார்கள். ஏலக்காயைப் பீரோவில் வைத்துப் பூட்டணும் என்று சிரித்தார்கள். மூன்று வருஷத்துக்குள் சராசரி விலை 1,000 ரூபாய்ப் பக்கம் வந்து விழுந்தது. அந்த ஏற்றத்தோடு நாள்கூலி ஏறவில்லை. இறக்கத்தில் ஆட்குறைப்பு மட்டும் வந்து சேர்ந்தது. ஏலக்கூடத்தில் அன்றைக்கும் மாதிரிப் பொட்டலம் பிரிந்தது, உள்ளங்கை பார்த்தது, காய் தரையில் விழுந்தது. ஒருவர் கடைசியாக அழுத்தினார். எண் நின்றது. திரை அடுத்த லாட்டுக்குப் போய்விட்டது.